அவர் கழுவ மிச்சம் வைத்தது

என் காலில் மீன் வாடை அடிக்கிறது. ஃபேன் காற்று மேசைக்குக் கீழே போகும்போதெல்லாம் அது எழுந்து மூக்குக்கு வருகிறது. வலது கணுக்காலில் ஒரு சங்கரா செதில் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. காலையில் உன் கடைக்குப் போயிருந்தேன். இப்போது மணி நாலு. ஆறு மணிக்குப் பெரிய வியாழன் பூசை. பீடத்துக்கு முன்னால் போடுகிற பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்று இந்த வருடம் எனக்கு. ஃபாதர் குனிந்து என் காலைக் கழுவப்போகிறார். நான் இன்னும் காலைக் கழுவவில்லை, கழுவப்போவதும் இல்லை.

நீ இருந்திருந்தால், "இன்னாடி டீச்சரு, புத்தி கலங்கிடுச்சா?" என்று கேட்டிருப்பாய். கேட்ட கையோடு காரணத்தையும் கண்டுபிடித்திருப்பாய். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நேரில் சொல்ல வழியில்லை, எழுதுகிறேன்.

போன வாரம் பங்கு அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. பாதம் கழுவும் சடங்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஐந்தரைக்கே வந்துவிட வேண்டும்; கால்களை வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, தூய்மையாக வர வேண்டும். படித்துவிட்டு, யார் இந்த அறிவாளி என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அறிவாளி நான்தான். மறைக்கல்விப் பொறுப்பாளராக இருந்த காலத்தில் நான் எழுதிக்கொடுத்தது, ஒரு கமா கூட மாறாமல் வருடா வருடம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சீடர்களின் காலை இயேசு கழுவியதை நினைத்துச் செய்கிற சடங்கு அது. அதற்கு வருகிறவர்களிடம் காலைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று எழுதிக்கொடுத்தவள் நான். அதில் ஏதோ உதைக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. உனக்குத்தான் தோன்றியது.

நாம் இருவரும் ஒரே வருடம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவர்கள். அதற்கான வகுப்பில் சிஸ்டர் ஒருநாள், "இயேசு யார்? கடவுளா, மனிதரா?" என்று கேட்டார். எல்லாக் கேள்விக்கும் முதலில் எழுகிற கை என்னுடையது. "பாதி கடவுள், பாதி மனிதர், சிஸ்டர்" என்றேன். பின்பெஞ்சிலிருந்து நீ கையைக்கூடத் தூக்காமல், "எந்தப் பாதி? இடுப்புக்கு மேலயா, கீயயா?" என்றாய். வகுப்பே சிரித்து உருண்டது. சிஸ்டர் உன்னை வராந்தாவில் நிறுத்திவிட்டு என்னைத் திருத்தினார். பாதி இல்லை. இயேசு முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர். பத்து முறை எழுதச் சொன்னார். நான் எழுதினேன். நீ வராந்தாவில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டிருந்தாய்.

அந்த வாக்கியத்தை அப்புறம் முப்பது வருடம் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கோரஸாகச் சொல்லவைப்பேன். பரீட்சையில் யாராவது பாதி என்று எழுதினால் சிவப்பு மையில் அடிப்பேன். ஆனால் உள்ளுக்குள் நான் பழைய பதிலை அழிக்கவே இல்லை. என் இயேசு இடுப்புக்கு மேலேதான் இருந்தார். ஆசீர்வதிக்கும் கை, ஒளி வீசும் இருதயம், எண்ணெய் தடவி வாரின மாதிரி தலைமுடி. கால் இருந்திருக்கும்தான். அங்கி அதை மூடியிருந்தது.

நான் டீச்சர் டிரெய்னிங் போனேன். நீ பத்தாவதோடு உன் அம்மாவின் மீன் கூடையைத் தலையில் ஏற்றினாய். அப்புறம் பட்டினப்பாக்கத்தில் குடைக்குக் கீழே சொந்தக் கடை. சனிக்கிழமை தவறாமல் நான் அங்கே வருவேன். மீன் வெட்டிக்கொண்டே நீ நடத்திய மறைக்கல்வி வகுப்புக்கு எந்தப் பாடப்புத்தகமும் ஈடாகாது. ஈஸ்டருக்கு முந்தைய ஒரு தபசு காலத்தில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்டாயே, நினைவிருக்கிறதா?

"உயிர்த்ததுக்கு அப்பறமும் கடக்கரைல நெருப்பு மூட்டி மீனு சுட்டு வெச்சிகினு, சாப்பிட வாங்கடான்னு கூப்ட்டாருல்ல? கையில கரி ஆவாம மீனு சுட முடியுமாடி?"

"அது மகிமையான உடல்டி. நம்ம உடம்பு மாதிரி இல்ல" என்றேன், பொறுப்பாளர் குரலில்.

"மகிமையான ஒடம்புலயும் ஆணி அடிச்ச ஓட்டை அப்டியேதானே கீது?"

அப்படியானால் உனக்கு அவர் மனிதர் மட்டும்தானா என்று மடக்கப் பார்த்தேன். நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டாய். "அய்ய! சாமிடி அவரு. மீனு சுடற ஆளையா நான் டெய்லி காலைல எய்ந்து கும்புட்டுகினு கீறேன்?" என்று சொல்லிவிட்டு, துண்டுகளைக் கவரில் போட்டு என் கையில் திணித்தாய். உனக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை விசுவாச அறிக்கையில் அவர் மனிதர் ஆனார் என்று வருகிற இடத்தில் தலை வணங்க வேண்டும். கோயிலே பெயருக்கு ஒரு ஆட்டு ஆட்டும். நீ இடுப்பு வரை குனிவாய், முன்வரிசைக்காரர் முதுகில் உன் தலை முட்டும். ஒவ்வொரு வாரமும் அவர் திரும்பி முறைப்பார், நீ அடுத்த வாரமும் முட்டுவாய்.

பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று ஆன பிறகு, உங்கள் அன்பியத்திலிருந்து உன் பெயர் வந்தது. தெருவாரியாகச் சேர்ந்து ஜெபிக்கிற பன்னிரண்டு அன்பியங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஆள் என்று கணக்கு. மற்ற பதினொரு பேரும் ஐந்தரைக்கே வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனை பேர் காலிலும் பவுடர். ஒருத்தர் நெயில் பாலிஷ்கூடப் போட்டிருந்தார். ஆறாக ஐந்து நிமிடம் இருக்கும்போது நீ ஓடி வந்தாய். ஒரு படகு தாமதமாகக் கரை சேர்ந்ததாம். எப்படியோ நல்ல புடவைக்கு மாறியிருந்தாய். மேலே திருவிழா, கீழே கடை. விரல் இடுக்கில் மணல், செதில், காய்ந்த மீன் ரத்தம்.

எனக்குத் தலைக்கு ஏறியது. உன் மணிக்கட்டைப் பிடித்துக் கோயிலின் பின்பக்கம் இழுத்துப் போனேன். அங்கே மாப் அலசுகிற குழாய் ஒன்று இருக்கிறதே, அதைத் திறந்து, துணி சோப்பும் பிரஷுமாக உன் காலைத் தேய்த்தேன். பாத்திரம் தேய்ப்பேனே, அந்த வேகத்தில்.

"இப்படியாடி வருவே? ஃபாதர் இந்தக் காலைத் தொட்டு, வாய் வெச்சு முத்தி பண்ணணும்னு கொஞ்சமாவது நினைச்சுப் பார்த்தியா?"

எதற்கும் பதில் சொல்கிற நீ அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாய். கடைசியாக என் முந்தானையால் உன் காலைத் துடைத்தபோதுதான் வாயைத் திறந்தாய்.

"அவரு கயுவறதுக்கு இன்னாடி மிச்சம் வெச்சே?"

பூசைக்கு மணி அடித்துவிட்டது. நீ போய்ப் பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாய். ஃபாதர் ஒவ்வொரு காலிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டார். பித்தளைப் பேசினில் விழுந்த தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரி இருந்தது. நான் பெருமையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை கடைக்கு வந்தேன். "வாங்க டீச்சர். இன்னா மீனு வேணும், சொல்லுங்க" என்றாய். ஆறு வயதிலிருந்து என்னை டீ போட்ட வாய் அது. மீனில் குறை வைக்கவில்லை, சிரிப்பில்கூடக் குறை வைக்கவில்லை. வாங்க, போங்க, அவ்வளவுதான். ஒரு மன்னிப்பில் அது முடிந்திருக்கும். ஆனால் நான் செய்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. கோயிலுக்குச் சுத்தமாக வருவது மரியாதைதானே? இப்படியே எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டு இரண்டு வருடத்தை ஓட்டினேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

அப்புறம் உன் காலில் கெளுத்தி முள் குத்தியது. உனக்கு ஏற்கெனவே சுகர். ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு இன்னொன்றை. புண் மட்டும் ஆறவில்லை. கடையை உன் மகள் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். நீ குடிசை மாற்று வாரியத்தின் போர்டு வீட்டில் படுக்கையோடு படுக்கையாக ஆகிவிட்டாய்.

முதல் வெள்ளிக்கிழமைகளில் ஃபாதர் நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை எடுத்துப் போவார்; அந்த அப்பத்தில் இயேசுவே வருகிறார் என்பது நம் நம்பிக்கை. மெழுகுவர்த்தியும் ஜெபப் புத்தகமுமாக நானும் கூடப் போவேன். உன் வீட்டு வாசலில் இரண்டு மாதம் தொடர்ந்து உன் மகள், "அம்மா தூங்கறாங்க ஃபாதர்" என்றாள். பகல் பதினோரு மணிக்கு நீ தூங்குகிறவளா? ஃபாதர் நம்பினார். எனக்கு உறைத்தது. மூன்றாவது மாதம், முதல் வெள்ளிக்கு முந்தின நாள் வியாழக்கிழமை மத்தியானம், நான் தனியாக வந்தேன்.

ஜன்னல் சாத்தியிருந்தது. ஐந்தாறு ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அதையும் மீறி அந்த நாற்றம் வந்தது.

"அங்கயே நில்லுங்க டீச்சர். கிட்ட வராதீங்க" என்றாய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. "நாளிக்கு ஃபாதர இட்டுகினு வராதீங்க. இந்த நாத்தத்துல அவர எப்டி உள்ள கூப்புடறது? எனக்கே கொமட்டுது. கலீஜா கெடக்கறேன். காலு சரியாவட்டும், நானே கோயிலுக்கு வரேன்."

கால் சரியாகப் போவதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் கடவுளைப் பற்றி ஆயிரம் பாடம் நடத்தியிருக்கிறேன். அத்தனைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி நீதான். அந்த நீயே, சுத்தமானவர்கள் வீட்டுக்குத்தான் அவர் வருவார் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தால், எனக்கு என்ன மிஞ்சும்? அதைவிட, உன்னை அந்த எண்ணத்தோடு சாகவிட முடியுமா? அதுவும் அதை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் யார்? துணி சோப்பும் பிரஷுமாக அதை உன் காலிலேயே தேய்த்து ஏற்றியவள் நான்.

உன் மகளிடம் கால் கழுவத் தண்ணீர் கேட்டேன். நர்ஸ் சொன்னபடி கொதிக்கவைத்து ஆறின உப்புத் தண்ணீர் தயாராக இருந்தது. மண்டியிட என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் உன் கால் கட்டை அவிழ்த்தாள். எனக்குக் குமட்டியது, மறைக்கமாட்டேன். ஒரு தரம் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அப்புறம் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். நீ வேண்டாம் வேண்டாம் என்று காலை இழுத்தாய், இழுக்க உன்னிடம் பலம் இல்லை.

பாதிக் கழுவலில் என் வாயிலிருந்து அது வந்தது. வாழ்க்கை முழுக்க மறைக்கல்வி வகுப்பில் ழகரம் திருத்தியவள் நான்.

"அவரு கயுவறதுக்கு ஒண்ணுமே மிச்சம் வெக்கக்கூடாதுன்னு நான்தாண்டி தப்பா நெனச்சேன். நீ ஏண்டி இப்போ அதையே புடிச்சிகினு கீறே?"

என் கைக்குள் உன் கால் குலுங்கியது. நீ அழுகிறாய் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், கட்டிலே ஆடும்படி சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

"கீறேயா? டீச்சரு, உன் வாயிலயா? இன்னொரு தபா சொல்லுடி!"

டீ என்று சொன்னாய். உன் காலைப் பிடித்துக்கொண்டு நான் ஓவென்று அழுதுவிட்டேன். மன்னித்துக்கொள் என்று அப்போதுதான் சொன்னேன். நீ என் தலையில் லேசாகக் குட்டினாய். கொஞ்ச நேரம் கழித்து, கூரையைப் பார்த்தபடி, கடையில் விலை சொல்கிற அதே குரலில் சொன்னாய்:

"சாமி மட்டும்னா கிட்டவே வரமாட்டாரு. மனுசன் மட்டும்னா வந்துதான் இன்னா பண்ணுவாரு, பாவம். உன்னாட்டம் குந்திகினு அயுவாரு. அவரு ரெண்டும்டி. அத மறந்துட்டேன் பாரு."

பிறகு மகளைக் கூப்பிட்டாய். "நாளிக்கு ஊதுவத்தி கொளுத்தாத. ஜன்னல மட்டும் தொற. வரட்டும் அவரு."

மறுநாள் பதினோரு மணிக்கு ஃபாதர் வந்தார். வாசலில் ஒரு நொடி தயங்கினார், நாம் இரண்டு பேரும் பார்த்தோம். பிறகு உள்ளே வந்து, போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு உன் கட்டிலிலேயே உட்கார்ந்தார். நீ நாக்கை நீட்டி நன்மை வாங்கினாய். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கிடந்தாய். ஃபாதர் கிளம்பியதும் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஓடிப் போவல பாத்தியா?" என்றாய். நீ கேட்டது ஃபாதரைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு முதல் வெள்ளிகள் இருந்தாய். வாரத்துக்கு மூன்று நாள் நான் வந்து கழுவினேன். குமட்டல் போகவில்லை, பழகிவிட்டது. மழைக்காலத்தில், கல்லறைத் திருநாள் முடிந்த நாலாம் நாள் நீ போனாய். பெட்டியில் உன் காலுக்கு வெள்ளை சாக்ஸ் மாட்டியிருந்தார்கள். எந்த சாக்ஸில் எத்தனை விரல் என்று என் கைக்குத் தெரியும். சாக்ஸுக்கு மேலேயே குனிந்து முத்தி செய்தேன். அருகிலிருந்தவர்கள் எதற்கு என்று விழித்தார்கள்.

இப்போது என்னிடம் யாராவது, ஒருத்தர் எப்படி முழுக்கக் கடவுளாகவும் முழுக்க மனிதராகவும் இருக்க முடியும் என்று கேட்டால் எனக்குப் பதட்டம் வருவதில்லை. கணக்கு டீச்சர் நான், கணக்கில் அது இடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அவர் கடவுள் மட்டும்தான் என்றால், உன் அறையின் வாசலில் யாரோ ஒரு தூதரை நிறுத்திவிட்டு மேலேயே இருந்திருப்பார். மனிதர் மட்டும்தான் என்றால், அன்றைக்குச் சிலர் காலைக் கழுவிய நல்லவராக அங்கேயே முடிந்துபோயிருப்பார், பட்டினப்பாக்கத்தில் ஒரு புண்ணுக்கு அதனால் என்ன? அவர் அறைக்குள் வந்தார். வந்தவர் கடவுள். இதை நான் கண்ணால் பார்த்தேன். உன்னைப் போலவே இப்போது நானும் விசுவாச அறிக்கையில் இடுப்பு வரை குனிகிறேன். அந்த முன்வரிசைக்காரர் இன்னும் இருக்கிறார், இன்னும் முறைக்கிறார்.

அறிவிப்பு வந்த அன்றே அலுவலகத்துக்குப் போய், அந்தச் சோப்பு வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன். "நீங்க எழுதினதுதானே டீச்சர்?" என்றாள் அங்கே இருக்கும் பெண். ஆமாம், அதனால்தான் என்றேன். அடுத்த வருடத்திலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னாள். இந்த வருடம் எல்லோருக்கும் போய்விட்டது, பதினொரு பேர் பவுடரோடுதான் வருவார்கள். அதனால்தான் காலையில் உன் கடைக்குப் போனேன். உன் மகள் மீன் அலசிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அரைக் கிலோ சங்கரா சுத்தம் பண்ணி முடிக்கிற வரை அங்கேயே நின்றேன். "ஐயோ டீச்சரம்மா, காலெல்லாம் செதிலு. இருங்க, தண்ணி ஊத்தறேன்" என்று குடத்தைத் தூக்கினாள். வேண்டாம்மா, அது சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். உன் மகள் அல்லவா, குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

மணி ஐந்தாகப் போகிறது. புடவை மாற்ற வேண்டும், மேலே திருவிழாவாக. பின்பக்க வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போவேன். அந்தக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நான் அங்கே நிற்கப்போவதில்லை. ஃபாதர் என்னிடம் வரும்போது முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அவர் மனிதர். அவர் கை வழியாகக் கழுவுகிறவர் இதைவிட எவ்வளவோ பார்த்தவர். தண்ணீர் ஊற்றியதும் பித்தளைப் பேசினில் ஒரு செதில் மிதக்கும். அதைப் பார்த்து, பீடத்துக்கு முன்னால், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் சிரித்துவிட்டால், பழி உன்மேல்தான்டி.